விரல் நக அளவு

பிடுங்காமல் விட்டதுதான்
முதல் வைத்தியம்.

துவாஸில் பாலேட் பலகை தெறித்து
இடக்கன்னத்தில் பாய்ந்த சிராயை
லாரியின் பின்தட்டில் குந்தியபடி
இரு கையாலும் பிடித்து வந்திருந்தான் மொபாரக்.
விரைவுச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும்
உடம்பை ஆடவிட்டு
கையை மட்டும் ஆடவிடாமல்.

தமிழ் பேச ஆள் வேண்டுமென்று
என்னைக் கீழே கூப்பிட்டார்கள்.
பிடித்திருந்தவனுக்குத் தமிழ் தெரியாது.
கன்னத்துக்குச் சொந்தக்காரரால் பேச முடியாது.

"போதும், விடுங்க" என்றேன்.
தலையை ஆட்டினான். விடவில்லை.
சுற்றிலும் பஞ்சுருளை அண்டக்கொடுத்துக் கட்டிய பிறகு
ஒவ்வொரு விரலாகக் கழற்றினோம்.

ஸ்கேன் படத்தில் எலும்பு வெள்ளை.
கடைவாய்ப் பல்லை அடைத்த உலோகம்
அதைவிட வெள்ளை.
மரமோ காற்றைப் போலக் கறுப்பு.
"எது காற்று எது மரமென்று
திறந்தால்தான் தெரியும்"
என்றார் டாக்டர் ஹஸ்லிண்டா.

மணி மூன்று. என் வேலை எண்ணுவது.
பஞ்சு முப்பது, ஊசி எட்டு, கத்தி இரண்டு.
போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று
சத்தமாகச் சொல்ல வேண்டும்.
சிராய் உள்ளே போனபோது
எண்ணுவதற்கு யாரும் இல்லை.

எடுத்த துண்டுகளைப் பச்சைத் துணிமேல்
ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன்
நொறுங்கிய அப்பளத்தைச் சேர்ப்பதுபோல.
ஓரிடம் கூடவில்லை.
விரல் நக அளவு குறைந்தது.

"இன்னொன்று இருக்கிறது, டாக்டர்."

உமிழ்நீர்க் குழாய்க்குக் கீழே
இரண்டு வெள்ளை இழைகள்.
மின்முனையால் ஒன்றை மெல்லத் தொட்டார்.
மயக்கத்தில் கிடந்தவரின் உதட்டோரம்
ஒருமுறை துடித்தது.
"இது நரம்பு."
நூலளவு நகர்ந்து மற்றதைத் தொட்டார்.
துடிக்கவில்லை.
இடுக்கி இறங்கியது.

நீலச் சாயத்தோடு வந்தது.
அந்தக் கம்பெனியில்
பாலேட்டுகளுக்கெல்லாம் நீலம்தானாம்.

மூன்றாம் நாள் வார்டில்
மறுபடியும் என் தமிழ் தேவைப்பட்டது.
புருவத்தை உயர்த்துங்க. உயர்த்தினார்.
கண்ணை இறுக்க மூடுங்க. மூடினார்.
சிரிங்க.

அம்மையப்பன் என்னையே பார்த்தார்.
தையல்களுக்கு நடுவிலிருந்து
முதல் பேச்சாக வந்தது:
"எதுக்குங்க?"

"கேள்வி புரியவில்லையா?" என்றார் டாக்டர்.
"புரிந்திருக்கிறது" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் மொபாரக்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
தொழிற்சாலைச் சீருடை, ஒரே ஒரு காலணி,
மடியில் இரண்டு கையும்
எதையோ பிடித்திருப்பதுபோல.

அம்மையப்பன் அந்தப் பக்கம் திரும்பினார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இடது உதட்டோரம்,
லேசான அசைவு.