மூணாவது படி

பின் ஷாக்கப்சருக்கு ஐந்து படிகள்.
ஒன்றில் வைத்தால் வண்டி பணியும்,
என் இரண்டு பாதமும் தரையில் முழுதாய்ப் பதியும்.
ஐந்தில் வைத்தால்
கொருக்குப்பேட்டை கேட்டருகே
பெருவிரல் மட்டும் தாரைத் தடவித் தேடும்.

ஐந்து, தம்பி இருதயராஜுடையது.
விடியுமுன் காசிமேட்டில்
நொறுக்கிய ஐஸ் இரண்டு பெட்டி,
மேலே ஒரு கூடை சங்கரா, அதன்மேல் தார்ப்பாய்,
எல்லாவற்றுக்கும் முன்னால் தொண்ணூறு கிலோ அவன்.
என் படியில் புறப்பட்டால்
முதல் வேகத்தடையிலேயே மட்கார்டு டயரைக் கடிக்கும்.

ஒன்று, என்னுடையது.
நாற்பத்தெட்டு கிலோ, ஒரு நீலக் குளிர்ப்பெட்டி,
அதற்குள் தண்டையார்பேட்டையின் ரத்தம்
முப்பது குப்பிகளில், வெறும் வயிற்றில் எடுத்தது.
ஸ்பிரிங் இறுகியிருந்தால்
கன்டெய்னர் லாரிகள் தோண்டிய ஒவ்வொரு பள்ளத்துக்கும்
வண்டி குதிரைக்குட்டி.
சுழற்றி எடுத்த குப்பியை லேபில் தூக்கிக் காட்டுவார்கள்,
மஞ்சளாய் நிற்கவேண்டிய சீரம் சிவப்பாய்.
"உடைஞ்சிருக்கு, மறுபடி குத்திட்டு வா."
யாரைக் குத்துவது?
மூணாவது மாடி டயாலிசிஸ்காரருக்கு
நரம்பு அகப்படவே கால்மணி நேரம்.

ஆகவே தினமும் ஆறேகாலுக்கு
ஜீவரத்தினம் நகர் அடிபம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு
கொக்கி ஸ்பேனரை வளையத்தில் மாட்டி
ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து மூணு,
டக், டக்கென்று இறக்குவேன்.
ராத்திரி இரண்டரைக்கு அவன் ஏற்றுவான்.
வலப்பக்க வளையத்தை உப்புக்காற்று பிடித்துக்கொண்டது.
டீசல் ஊற்றாமல் யாருக்கும் அசையாது.

அப்பாவின் ஃபைபர் படகை விற்றதில்
யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு
பதினாலு மாதத்துக்கு முன் நின்றது,
அதோடு எங்கள் பேச்சும்.
வண்டி மட்டும் பாகம் பிரியவில்லை.
தொண்ணூற்று நாலு மாடல் யமஹாவைப்
பாதியாய் அறுத்தால் இரும்புக்கடையில் கிலோ கணக்கு.
இரண்டு சாவி.
ஒரே ஸ்பேனர், சீட்டுக்கடியில், எண்ணெய்த் துணியில்.

பின்னால் பணிந்தால் முன்னால் நிமிரும்.
என் படியில் ஹெட்லைட்
ரோட்டை விட்டுவிட்டு
கேபிள் ஒயரில் மாட்டிய காற்றாடியின் வாலைக் காட்டும்.
பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை சொன்னேன்.
"பகல்ல ஓட்றவளுக்கு லைட்டு எதுக்கு" என்றான்.

போன திங்கள் காலை குனிந்து பார்த்தால்,
மூணு.
இடம் மூணு, வலம் மூணு.
ஐஸுக்குப் போதாது, எனக்கு அதிகம்.
சீட்டில் செதில் இல்லை. வாடை இல்லை.
சோப்புப் போட்டுத் துடைத்திருந்தது.
பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்தபடி.
வருஷக்கணக்கில் மடங்கித் துருவேறிய இடப்பக்கத்ததும்
டீசல் குடித்து, உதை வாங்கி, இறங்கியிருந்தது.

கணக்குப் போட்டேன்.
அவன் தொண்ணூறு. மேலே ஓர் ஐம்பது, ஐம்பத்தைந்து.
மூட்டையாக இருக்கலாம்.
மூட்டைக்குக் கால் கிடையாது.
தெருவுக்கே தெரிந்திருக்கும்.
பேசாதவளுக்குத்தான்
இரும்பு வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

ஸ்பேனரை எடுத்தேன், மாட்டினேன்,
பிறகு துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.
குதிகால் ஒரு விரக்கடை மேலே நின்றது.
கேட்டில் சரக்கு ரயில் நாற்பத்திரண்டு வேகன் கடக்கும்வரை
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.
பள்ளங்களைச் சுற்றி, மெல்ல.
பதினைந்து நிமிஷம் தாமதம்.
முப்பதில் இரண்டு உடைந்திருந்தது.
டயாலிசிஸ்காரர் தப்பித்தார்.

செவ்வாய்: ஐந்து, செதில், வாடை.
திட்டிக்கொண்டே ஒன்றுக்கு இறக்கினேன்.
அன்றைக்கு மின்ட் பக்கமிருந்து திரும்ப இருட்டிவிட்டது.
சுவிட்சைத் தட்டினால்
வெளிச்சம் ரோட்டில் விழுகிறது.
பள்ளம் பள்ளமாகவே தெரிகிறது.
வீட்டுக்கு வந்து செல்போன் விளக்கில் பார்த்தேன்,
ஹெட்லைட்டின் இரண்டு போல்ட்டிலும் புதுக்கீறல்.

ஐஸை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் வரும்போது
அவனுக்கு இனி அது முன்சக்கரத்தடியிலேயே விழுமே.
விழட்டும்.