எட்டு நிமிடம் ஐம்பது நொடி

ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாவது தெரு.
தோல் கம்பெனியின் கழிவுநீர் நிலையத்தில்
நகல் வட்டை மாட்டி, சர்வரின் கடிகாரத்தை
2038-க்குத் தள்ளினேன்.
ஜனவரி 19, செவ்வாய்,
காலை எட்டு நாற்பத்து நான்கு, ஏழாம் நொடி.

வெளியே தொட்டியில் ஒரு மிதவைப் பந்து.
நீர் விளிம்பைத் தொட்டால் மணி அடிக்கும்,
தெய்வசிகாமணி பீடியைப் போட்டுவிட்டு ஓடுவார்.
எண் நிரம்பினால் மணி கிடையாது.
முப்பத்திரண்டு பிட்டு. அதில் ஒன்று
கூட்டலா கழித்தலா என்று சொல்லவே போயிற்று.
மிச்சம் முப்பத்தொன்றும் ஒன்றுகளாய் நிமிர்ந்து நின்றன.
எட்டாம் நொடி.

குரோமியம் அளவு பதியும் கோப்பு அப்போது பிறந்தது.
நினைவகத்தில் தேதி சரியாகவே இருந்தது.
வட்டைக் கழற்றி மறுபடி மாட்டினேன்:
1901 டிசம்பர் 14, சனிக்கிழமை,
பின்னிரவு 2:07:02.

கையால் கணக்குப் போட்டால் 2:15:52 வர வேண்டும்.
எட்டு நிமிடம் ஐம்பது நொடி எங்கே?
டீ ஆறி ஆடை கட்டும்வரை தேடினேன்.
அன்றைக்கு இந்தப் பக்கம் ஓடியது மெட்ராஸ் நேரமாம்;
அந்த வித்தியாசத்தை மறக்காமல் கழித்திருக்கிறது.
நூற்றுமுப்பத்தாறு ஆண்டு வழுக்கியது தெரியவில்லை,
நிமிடத்தில் அப்படியொரு நேர்மை.

அப்புறம் ராத்திரி வேலையை ஓட்டினேன்.
ஏழாண்டு தாண்டியதை அழி என்கிற நாலு வரி,
போன ஆடியில் நானே எழுதியது.
அன்று பிறந்த கோப்புகளைக் கிழடென்று துடைத்தது.
சோதனைக்காக நான் போட்டுவைத்த
முந்தின நாள் கோப்பைத் தொடவில்லை.

மேலாளர் முனிரத்தினம்
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்த வருஷம் கம்பெனியே இல்லியே மேடம்.
அப்ப அளவு மீறினது யாரு?"
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை.
"இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்குதே,
இப்படியே விட்டுட்டா என்ன?"

ஐநோடுக்கு நூற்றிருபத்தெட்டு பைட்டு ஒதுக்கியிருந்தார்கள்.
கூடுதலாய் இரண்டு பிட்டு வைக்க அதில் மூலை இல்லை.
இருநூற்றைம்பத்தாறு என்று கொடுத்து
அசல் வட்டையே ஃபார்மட் செய்தேன்.
2446 வரை தாங்கும்.
அந்த வருடத்து ஆளுக்கு
கமெண்டில் ஒரு மன்னிப்பு எழுதி,
படித்துப் பார்த்து, அழித்தேன்.

வெளியே மணி அடித்தது.
தெய்வசிகாமணி ஓடும் செருப்புச் சத்தம்.
முனிரத்தினம் என்னைப் பார்த்தார்,
பிறகு தன் கைக்கடிகாரத்தை.