ஐம்பத்தெட்டு வண்டி ஒரு கிலோமீட்டர்

நாற்பதடி கண்டெய்னரைச் சுமந்துகொண்டு
துறைமுக வாசலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே
நின்றுபோன ஒரு ராத்திரி,
வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துவர
இறங்கி நடந்தேன்.
திரும்பும்போது முன்வண்டி நகர்கிற சத்தம்.
ஓடினேன்.
அவ்வளவுதான் ஆரம்பம்.

முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள்:
"இன்னா நைனா, யார்னா தொரத்துறாங்களா?"
டீசல் திருடன் என்று நினைத்து
ஜாக்கி லிவரோடு ஒருத்தன் பின்னால் வந்தான்.
இருநூறு மீட்டரில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.
ஜக்கரியா.
டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

ஐம்பத்தெட்டு வண்டி ஒரு கிலோமீட்டர்,
இடைவெளியும் சேர்த்து.
நானே எண்ணிய கணக்கு.
நாகாலாந்து நம்பர், ஆந்திரா நம்பர்,
பம்பரில் கட்டிய எலுமிச்சை,
திருஷ்டிக்குத் தொங்கும் ஒற்றைச் செருப்பு,
ஜன்னலுக்கு வெளியே தூங்குகிற யாருடையதோ
வெடித்த குதிகால்.
இந்தக் குதிகால் நேற்று
இன்னும் பின்னால் இருந்தது.

ஷூ பர்மா பஜாரில் எடுத்தது, அரை சைஸ் சின்னது.
ஆடியில் கறுத்த கட்டைவிரல் நகம்
ஐப்பசி மழையில் கழன்று சாக்ஸுக்குள் கிடந்தது.
பதினைந்து வருஷம் கிளட்ச் மிதித்த இடது முட்டி
பத்தாவது கிலோமீட்டரில் தனியாகப் பேச ஆரம்பிக்கும்,
கெட்ட வார்த்தைதான்.
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால்
வாயை மூடிக்கொள்வேன்.
கடல் பக்கமிருந்து வந்தால் காசிமேட்டு ஐஸ்பெட்டி நாற்றம்.
இரண்டில் மீனே மேல்.

டில்லிபாபுவுக்கு லைசென்ஸ் இல்லை.
வரிசை நகர்ந்தால் மூன்று ஹாரன் அடிப்பான்,
எங்கே இருந்தாலும் பறந்து வர வேண்டும்,
இல்லையென்றால் இடையில் எவனாவது நுழைந்துவிடுவான்.
வேகமாக ஓடக் கற்றது அப்படித்தான்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.
சுங்கச்சாவடியிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்ப
இருபத்தொரு கிலோமீட்டர்,
மேலே கொசுறாக நூறு மீட்டர்.
பனியனில் நாலு ஊக்கு குத்தி
நம்பர் மாட்டிவிட்டாள் கோமளா.
"வண்டி நம்பரவிட இது பெருசா கீது" என்றாள்.

லாரிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டிருந்தார்கள்.
லாரி இல்லாத எண்ணூர் ரோட்டை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
இவ்வளவு அகலமா!
தூண்டில் வளைவுக் கற்கள் மேல் அலை ஏறி இறங்குவது
இங்கிருந்தே தெரிகிறதே.
ஆனால் எண்ணுவதற்கு ஒரு வண்டி இல்லை.
எவ்வளவு வந்தேன், எவ்வளவு பாக்கி,
ஒன்றும் புரியவில்லை.
வெற்று ரோடு நீள்கிற மாதிரி
எந்த வரிசையும் நீண்டதில்லை.
பக்கத்தில் ஓடியவர் கையில் கடிகாரம் கீச்சிட்டது.
கேட்கக் கூச்சமாக இருந்தது.

பதினேழோ பதினெட்டோ,
கால் இரண்டும் யாருடைய கால்களோ ஆகி
நடந்துவிடலாம் என்று குனிந்த இடத்தில்
தடுப்புக்கு அந்தப் பக்கம்
பந்தயம் முடியக் காத்திருந்தது வரிசை.
எலுமிச்சை. ஒற்றைச் செருப்பு. நாகாலாந்து.
நடுவில் என் வண்டி,
ஸ்டீரிங்கில் ஜக்கரியா.
பக்கத்தில் டில்லிபாபு எட்டிக் கைவைத்து
மூன்று முறை அடித்தான்.

அவன் சும்மா சந்தோஷத்தில் அடித்தது.
கால்களுக்கு அது தெரியுமா?
வரிசை நகர்ந்துவிட்டது என்றே நம்பின.
ஓடின, ஓடின,
இடையில் எவனும் நுழைந்துவிடாதபடி.

இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம்.
ஒரு பதக்கம், ஒரு வாழைப்பழம்.
பழத்தை டில்லிபாபு தின்றான்.
பதக்கம் எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஆடுகிறது.

தடுப்பை எடுத்தார்கள்.
முன்வண்டி நகர்ந்தது.
கிளட்சை மிதிக்க
இடது கால் வரவில்லை.