ஒரு விரல் கனம்

ஞாயிறு காலை ஆறரை, குலசேகரம் சந்தை.
கத்தியைத் தீட்டிக்கொண்டே பீர்கண்ணு கேட்டார்:
"குழம்புக்கா, வறுக்கவா?"
ரெண்டுக்கும் இல்லை.
முதுகுப் பக்கத்திலிருந்து ஒரே துண்டு,
ஒரு விரல் கனத்தில்,
வெட்டாமல்.
கத்தி நின்றது.
"நாய் வளக்குதியளாக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.
நிறுத்தபோது முந்நூற்றிருபது கிராம்.
அதை மட்டும் நன்றாகக் கவனித்தேன்.
ரப்பர் பால் நிறுக்கிறவள் நான்.
ஆசிட் மணக்கும் கொட்டகையில் பதினேழு வருடமாக
அடுத்தவர் வாளிகளின் கனத்தை
நீல மையில் எழுதிவருகிறேன்.

அதனால் மசாலாவும் தராசில்தான் தொடங்கியது.
நல்லமிளகு நாற்பது கிராம்,
வேலியோரத்து அயனியில் ஏறிய கொடியில்
குருவிகள் மிச்சம் வைத்தது.
மல்லி இருபது. பெருஞ்சீரகம் பத்து.
வத்தல்மிளகு நாலு, காம்பு கிள்ளியது.
மாறாமலைக் கிராம்பு மூன்று;
நாலாவதைப் போட்டால் பல்வலிக்கு வைத்தியமாகிவிடும்.
நசுக்கிய சுக்கு ஒரு துண்டு.
கருப்பட்டி சுண்டுவிரல் நகமளவு.
தராசு அதை ஒரு எடையாகவே மதிக்கவில்லை,
பூச்சியத்திலேயே நின்றது.

வறுக்கும்போது முதலில் பேசுவது மல்லி.
மிளகு கடைசிவரை வாய் திறக்காது,
திறந்தால் தும்மல்.
ஆறியபின் மிக்சியை ரெண்டு தட்டு. அவ்வளவே.
மாவாக்கினால் அது எல்லாருடைய குழம்புக்கும் போய்விடும்;
எனக்குப் பல்லில் தட்டுப்பட வேண்டும்.

எட்டுப் பேர் இருந்த வீட்டில்
ஞாயிறுதோறும் ஒரு கிலோ வாங்கினோம்.
யாருக்கு எத்தனை துண்டு என்று
சட்டியைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும்.
எனக்குத் தேங்காய்க்கொத்துதான் பிடிக்கும் என்று
வீட்டில் ஒரு பேச்சு உண்டு.
யார் தொடங்கியதென்று தெரியாது.
நானாகக்கூட இருக்கலாம்.

இரும்புத் தோசைக்கல் புகையும்வரை காத்திருந்தேன்.
கல்லுப்பு ஒரு மணிநேரம் முன்பே தடவியாயிற்று.
பொடியை இரண்டு பக்கமும் அழுத்தி
தேங்காயெண்ணெயில் இறக்கியதும்
அடுக்களை முழுக்க மழைச் சத்தம்.
அப்புறம் புகை.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரோஸ்லெட்:
"என்ன எளவுடி, கரிஞ்ச மணம்?"

கருப்பட்டிதான்.
வெளியே கரி, உள்ளே பச்சை.
கப்பல் அடுக்களையில் வேலைசெய்கிற அபினேஷ்
ராத்திரி போனில் சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.
"இனிப்பு முதல்ல கரியும்மா. அத எடுத்துரு.
பிறவு, சுட்ட ஒடனே வெட்டாத.
அஞ்சு நிமிஷம் சும்மா விடு."

கரிந்ததைச் சுரண்டிவிட்டு முழுவதையும் தின்றேன்.
அதைப் போனில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு
பால் ரசீதின் பின்பக்கத்தில்
கருப்பட்டியை அடித்துவிட்டு
மிளகுக்கு ஐந்து கிராம் கூட்டினேன்.
ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டரை.
தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடினேன்.

அந்த ஐந்து நிமிடம்தான் பெரும்பாடு.
சூடு ஆறுமுன் அடுத்தவர் இலைக்குப் போடப் பழகிய கை
எங்கே போவதென்று தெரியாமல்
மேசையைத் துடைத்தது,
துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தது.

வெட்டினேன். நடுவில் செம்பருத்தி நிறம்.
முதல் வாயில் மிளகு, பிறகு எண்ணெய்,
எங்கோ பின்னால் கிராம்பு.
ரோஸ்லெட் மதிலேறி வந்து
ஒரு ஓரம் கேட்டாள்.
பொடியை ஹார்லிக்ஸ் குப்பியில் பாதி கொடுத்தேன்.
இறைச்சி கொடுக்கவில்லை.
முகம் கோணிற்று அவளுக்கு. போகட்டும்.

இன்று பீர்கண்ணு என்னைக் கண்டதும்
கட்டைவிரலை இறைச்சிமேல் படுக்கவைத்து
கனம் காட்டினார்.
"இது போதுமா?"
இன்னும் கொஞ்சம் என்றேன்.
அவர் விரலை நகர்த்தினார்.
எனக்குப் பின்னால் ரோஸ்லெட்,
கையில் தூக்குவாளியோடு,
எதையும் பார்க்காதவள்போல் நின்றாள்.