தொண்ணூற்றொரு வீதம்

அபிசாயினியின் கலியாணம் அறுபத்தெட்டு ஜீபி.
மூன்று கமெரா, ஒரு ட்ரோன்,
மேளத்தில் இரண்டு இடத்தில் வெடித்துப்போன ஒலி.
என்.சி. வீதி மாடியறையில்
பதினொரு இரவு வெட்டி ஒட்டினேன்.

டொரன்டில் எதுவும் முழுதாய்ப் போகாது.
ஸ்காபரோ அக்காவுக்குப் பொன்னுருக்கு,
ஒஸ்லோ சின்னையாவுக்குப் பந்தியில் பாதி,
லாச்சப்பல் மச்சானுக்கு மாப்பிள்ளையின் இடக்கால் செருப்பு.
பிறகு அவர்களே தங்களுக்குள் மாறிக் கொடுத்து
முழுக் கலியாணம் ஆக்குவார்கள்,
சீட்டுக் காசு மாதிரி.

ஒரு செவ்வாய், மாலை ஆறு மணி.
உவர்மலையில் விளக்குகள் ஏறும் நேரம்
கோடு படுத்தது. பிறகு எழும்பவில்லை.
வேகம் பார்க்கிற முள் துள்ளிக்கொண்டு நின்றது.
யூடியூப் ஓடியது. கம்பனியின் விளம்பரம்
வழுக்கிக்கொண்டு ஓடியது.
கலியாணம் மட்டும் நொடிக்கு ஒரு கிலோபைட்,
நல்ல நேரம் என்றால் இரண்டு.
தொண்ணூற்றொரு வீதம்.
மிச்ச ஒன்பதுக்குள் தாலி.

போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு நுவன் என்றொரு பெடியன், நல்ல தமிழ்:
"அண்ணே, இந்த மாதிரி ட்ராபிக் என்றால்
களவுப் படம் என்றுதான் சிஸ்டம் எடுக்கும்."
களவாய்க் கூட்டிக்கொண்டு போகேல்ல தம்பி,
ஊரறியக் கட்டினது.
சிரித்தான். முறைப்பாட்டு இலக்கம் தந்தான்.

சட்டத்தரணி பரிமளகாந்தி
கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒப்பந்தம் வாசித்தா.
பதினேழாம் பிரிவு: நியாயமான பயன்பாடு.
எது நியாயம் என்று எழுதவில்லை.
அதைத் தீர்மானிப்பது கம்பனி என்று எழுதியிருந்தது.
ஒப்பந்தம் ஆங்கிலத்தில்,
அடியில் என் கையெழுத்து தமிழில்.
"வாசிக்காமல் வைச்சனீரோ?"
வைச்சனான், மிஸ். ரூட்டர் இலவசம் என்றவை.

கொழும்பில் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.
நுகர்வோர் அதிகாரசபை.
இரண்டுக்கும் பதிவுத்தபால் போட்டோம்,
'வரையறையில்லை' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தையும் இணைத்து.
நேரமும் வேகமும் கொப்பியில் எழுதச் சொன்னா.
18.02, இரண்டு. 18.30, ஒன்று.
ஒரு விடியப்புறம், அவர்கள் பக்கம் என்ன நடந்ததோ,
இரண்டே இரண்டு நிமிடம் எண்ணூறு.
அதை எழுதும்போது கை நடுங்கியது.
குழாய் அடைக்கவில்லை,
யாரோ திருகிப் பிடித்திருக்கிறார்கள்.

இணக்கசபை சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பில்.
கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிபடாமல் கிடந்தது.
கம்பனிக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். வெறுங்கதிரை.
பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இருந்து சொன்னேன்.
ஹனீபா சேர் முந்தித் தபாலதிபராய் இருந்தவர்:
"கடிதத்தை உடைச்சுப் பார்த்திட்டு
கலியாணக் காட் என்றால் பிந்திக் குடுக்கிறாங்கள். அப்பிடியோ?"
உடைக்கிறதில்லை சேர். உறையின்ர வடிவத்தைப் பார்த்தே.
"அது அதைவிடக் கூடாத வேலை"
என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாம் சனியும் அதே கதிரை.
இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தந்தார்கள்,
இனி நீதிமன்றம் போகலாம்.
பஸ் நிலையத்தில் மான் ஒன்று வந்து
அதன் ஓரத்தை முகர்ந்தது.
உப்பில்லை என்று விட்டுப் போனது.

இதற்கிடையில் அபிசாயினியின் பெரியப்பா
கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார்,
காற்சட்டைப் பையில் பென் டிரைவ்,
அதற்குள் முழுக் கலியாணம்.
பதினெட்டு மணித்தியாலம்.
கணக்குப் பார்த்தேன்:
கம்பனியைவிடப் பெரியப்பா
ஆயிரம் மடங்கு வேகம்.

அக்கா எடுத்தா. பார்த்தாச்சாம்.
மேளம் ஏன் வெடிக்குது என்று கேட்டா,
பிறகு, தாலிதான் கட்டியாச்சே,
இன்னும் ஏன்ரா கேஸ் என்றா.

ஆவணியில் சல்லியில் ஒரு கலியாணம் அக்கா.
எழுபத்திரண்டு ஜீபி வரும்.