இரண்டு வரி மேலே

கடிதம் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.
வெள்ளிக்கிழமை பனிதான் வந்தது.
பஃபலோவில் அதற்கு யாரும் வியப்பதில்லை.
உறைந்து கிடந்த தபால்பெட்டியின் வாயைச்
சாவியால் நெம்பித் திறந்து
முழங்கை வரை விட்டுத் துழாவினாள் யோலாந்தா.
பீட்சா கூப்பன். பல் மருத்துவரின் பில்.

மூன்று பள்ளிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.
மூன்றின் கையேடுகளும் சமையலறை மேசையில்
வெண்ணெய்க் கறையோடு கிடக்கின்றன.
மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர்
கல்லூரிக்குப் போகிறார்கள்.
மூன்றிலும் ஒரு பையன்
நுண்ணோக்கியில் குனிந்தபடி சிரிக்கிறான்.
(நுண்ணோக்கியில் பார்ப்பவன் ஏன் சிரிக்கிறான்?)
மீதி அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று
பெற்றோரைச் சுற்றிக்காட்ட அழைத்த நாளில் கேட்டேன்.
கோட்டுக்காரர் என் தோளைத் தொட்டு
நீச்சல்குளத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

எனக்குப் பள்ளிகளைக் கீழேயிருந்துதான் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாகக் கொதிகலன் பழுதுபார்க்கிறேன்.
வியாகுல மாதா பள்ளியில்
இயந்திரம் புதிது, தொட்டால் ஒளிரும் திரை.
அதன் பின்னால் பிரிக்காத பெட்டிகளில் புத்தகங்கள்,
மேலே விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி.
திருக்குடும்பப் பள்ளியில் நல்ல காப்பி கொடுத்தார்கள்.
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புனித ஹயசிந்த் பள்ளியில் இருப்பது
என் அப்பா வயது வார்ப்பிரும்பு.
மூட்டுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டே எரியும்.
மேலே அறை குளிர்கிறதென்று
பிரதர் ஆன்செல்ம் கீழே வந்து
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
வடிவியல் தாள் திருத்துவார்.
போன மார்ச்சில் வால்வு மாற்றும்போது
அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.
பெருக்கல் குறி இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.
சிவப்பு மையில், பொடி எழுத்தில்:
‘இங்கே தப்பில்லை. இரண்டு வரி மேலே போ.
அங்கேதான் நீ யோசிப்பதை நிறுத்தினாய்.’

அன்று வீட்டுக்கு வந்து
யோலாந்தாவிடம் சொன்னேன்: அந்தப் பள்ளி.
ஏன் என்றாள்.
வால்வு என்று ஆரம்பித்து
எங்கேயோ போய் நின்றேன்.
அவள் கட்டண அட்டவணையைத்
திருப்பி என் முன்னால் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தன மூன்று உறைகள்.
கனத்த உறை நல்ல சேதி என்று
தெருவில் எல்லோரும் சொல்லி வைத்திருந்ததால்
பிரிக்கும் முன்பே எடைபோட்டு முடித்திருந்தோம்.
வியாகுல மாதா: இடம் உண்டு, பாதிக் கட்டணம் தள்ளுபடி.
திருக்குடும்பம்: இடம் உண்டு.
ஹயசிந்த்: ஒற்றைத் தாள். காத்திருப்போர் பட்டியல்.
எத்தனையாவது என்று எழுதவில்லை.

“குளம் இருக்கிற இடமே நல்லதுதான்” என்றான் டேமியன்
கொஞ்சம் சீக்கிரமாகவே.
அவனுக்கு நீந்தத் தெரியாது.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது
அந்த ஒற்றைத் தாளைக் காணவில்லை.
காலையில் அதே இடத்தில் இருந்தது,
புதிதாக ஒரு மடிப்போடு.

பிப்ரவரி. விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபோன்.
ஹயசிந்தில் கொதிகலன் நின்றுவிட்டது.
உப்புத் தூவாத சாலையில் ஊர்ந்து போனேன்.
வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை
இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன்.
எப்படி வைத்தாலும் கசிந்தது.

பிரதர் ஆன்செல்ம் விளக்குப் பிடித்தார்.
பெரிய டார்ச், வயதான கை,
வெளிச்சம் எனக்கு வேண்டிய இடத்துக்குப்
பக்கத்திலேயே நின்றது.
“பிள்ளைகள் உண்டா?”
“ஒரு பையன். எட்டாவது.”
“அப்படியா. அடுத்த வருடம் எங்கே?”

நான் பொத்தானை அழுத்தினேன்.
இந்தப் பழைய இரும்பில் நெருப்புப் பிடிக்க
ஏழு நொடி ஆகும்.
கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்
கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
ஏழு நொடிக்கு எனக்கு வேலை இருந்தது.