மூன்று மில்லிமீட்டர்

ஆ கியோங் இரும்புக் கடைத் தராசில் ஏறியவை:
லோரிச் சட்டத்தில் அறுத்த துண்டு இரண்டு,
கனத்த தட்டு ஒன்று, துருப்பிடித்த கீல்,
சாரக்கட்டுக் குழாய் ஆறடி.
"சாத்தே சுடும் அடுப்பா?" என்றார்.
"கல் அச்சு. மண்ணில் அமுக்குவது."
அவர் சிரிக்கவில்லை.
குழாயை மட்டும் தராசிலிருந்து இறக்கி
என் மோட்டார் மேல் சாத்தினார்.
மற்றதற்குத் தொண்ணூறு வெள்ளி.

மாக் மண்டினில், அண்ணன் வீட்டுப் பின்புறம்
எனக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி.
செங்கல் விலையைப் புவனேந்திரன்
எண்ணுக்கொரு பெருமூச்சோடு சொன்னான்.
வழக்கு முடிந்து என் கையில் மிஞ்சியது
அந்தப் பெருமூச்சுக்கே போதாது.
ஜூருவில் குன்றை அறுத்துச் சடக்கு போடுகிறார்கள்.
சிவப்பு மண் ஒரு லோரி,
ஓட்டுநருக்குத் தேத்தண்ணிக் காசு.

போத்தலில் மண்ணும் நீரும் குலுக்கி வைத்து
இரவு வேலைக்குப் போய் வந்தேன்.
அடியில் மணல், நடுவில் வண்டல்,
மேலே களி, நான் நினைத்ததைவிட ஒரு விரல் கூட.
மணல் சேர்த்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று சிமெண்ட்.
பிடியில் இறுக்கி இடுப்பளவிலிருந்து போட்டால்
நாலைந்தாய் உடைய வேண்டும்.
பொடியாய்ச் சிதறினால் தண்ணீர் போதவில்லை.
சப்பென்று உட்கார்ந்தால் குடி அதிகம்.
அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் பார்த்தது.

ஷொஹாக் ஞாயிறு மத்தியானம் பற்றவைத்துத் தந்தான்.
எண்பது வெள்ளி, ஒரு மைலோ.
சூட்டில் அடித்தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதை
அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

என் எடை ஐம்பத்திரண்டு.
நாலடிக் கைப்பிடியில் தொங்கினேன்.
என் கால்தான் தரையை விட்டது, மண் அசையவில்லை.
பக்கத்து வீட்டுப் பையன் போன் எடுத்தான்.
ஆ கியோங்கின் குழாயைக் கைப்பிடிமேல் செருகி
நுனியைப் பிடித்து உட்கார்ந்தேன்:
கீல் ஒரு முறை கத்தியது,
பிறகு இறங்கியது, மெதுவாக,
மனசு மாறுகிற ஆள்போல.
உள்ளே போன கல் வெளியே வரத்தான் மறுத்தது.
அப்பளம் பொரித்த எண்ணெய் தடவிய பிறகு
அதுவும் வந்தது.

பாயான் லெப்பாஸில் என் வேலை குறை பார்ப்பது.
உருப்பெருக்கிக்கு அடியில்
அரைமயிர் விலகினாலும் சிவப்புப் பெட்டி.
அந்தக் கண், அறுபதாவது கல்லில்தான் விழித்தது.
இந்தப் பக்கம் நூறு. அந்தப் பக்கம் நூற்று மூன்று.
அடுக்கை முழுக்க அளந்தேன்.
அறுபதிலும் அதே மூன்று.
பிழையைக்கூட இவ்வளவு ஒழுங்காய்
நான் வேறெங்கும் செய்ததில்லை.

"தூக்கிப் போடு. செங்கல்லுக்கு நான் தர்றேன்,
மெதுவா திருப்பிக் குடு."
மெதுவா என்ற சொல்லை
அவன் எங்கே வைத்தான் என்று கவனித்தேன்.

ஈரச் சாக்கின் கீழ் இருபத்தெட்டு நாள்.
பிறகு ஒரு கல்லை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு
வேலைக்குப் போனேன்.
விடியலில் பஸ் பாலத்தின்மேல் வரும்போது
எல்லாரும் தூங்கினார்கள்.
நான் வாளியை நினைத்துக்கொண்டு
கடலைப் பார்த்தேன், செம்மண் நிறமாய் இருந்தது.
வீட்டில் வாளித் தண்ணீரில் என் முகம் தெரிந்தது.
அடியில் கல், விளிம்பு குலையாமல்.

முதல் வரிசை: தடித்த பக்கம் வெளியே.
இரண்டாவது: தடித்த பக்கம் உள்ளே.
மூன்றாவது மறுபடி வெளியே.
ஆறாவது வரிசையில் தூக்குக்குண்டு விட்டேன்.
நூல் சுவரை உரசவும் இல்லை, விலகவும் இல்லை.

புவனேந்திரன் தேத்தண்ணியோடு வந்து
குண்டு நிற்கும்வரை நின்றான்.
"வாசல் எங்க வைக்கிற?
நம்ம குசினிப் பக்கம்தானே?"

"சடக்குப் பக்கம்."

இன்னும் எழுநூற்று நாற்பது கல்.
ஏழு மணிக்குப் பஸ்.